டிரைவரில் நினைவகக் கசிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் கெர்னலுக்கு டிரைவர் எழுதத் தொடங்கியவர்களும், யாரோ எழுதிய டிரைவரைப் பராமரிக்கும் பொறுப்பு தலையில் விழுந்தவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சி மொழி தெரியும், ஒரு மாட்யூலைக் கம்பைல் செய்து ஏற்றிப் பார்த்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கேள்வி: சாதாரண நிரலிலும் மெமரி லீக் வருகிறது. டிரைவரில் வந்தால் மட்டும் ஏன் இவ்வளவு பதற்றம்?

சாதாரண நிரல் முடிந்ததும் அது வாங்கிய நினைவகம் முழுவதையும் கெர்னல் திரும்ப எடுத்துக்கொள்ளும். நிரலை மூடித் திறந்தால் கசிவின் சுவடே இருக்காது. டிரைவர் கேமல்லாக் (கெர்னலுக்குள் நினைவகம் வாங்கும் ஃபங்ஷன்; விடுவிப்பது கேஃப்ரீ) மூலம் வாங்கிய துண்டுக்கு இப்படி ஒரு காப்பு இல்லை. அந்த டிரைவரைப் பயன்படுத்திய நிரலைக் கொன்றாலும் அது திரும்பாது. ஆர்எம்மாட் போட்டு மாட்யூலையே இறக்கினாலும் திரும்பாது. கணினியை மறுபடி தொடங்கினால்தான் உண்டு.

இன்னொரு கொடுமையும் இருக்கிறது. நினைவகம் தீரும்போது கெர்னலின் ஓஓஎம் கில்லர் விழித்துக்கொண்டு, அதிக நினைவகம் வைத்திருக்கும் பயனர் நிரலைத் தேடிக் கொல்லும். டிரைவர் விழுங்கியது எந்த நிரலின் கணக்கிலும் வராது. அதனால் தவறே செய்யாத டேட்டாபேஸோ உலாவியோ பலியாகும். கெர்னல் லாக்கில் அதன் பெயர்தான் இருக்கும், குற்றவாளியின் பெயர் இருக்காது. பலர் நாள்கணக்கில் தவறான இடத்தில் தேடுவதற்குக் காரணம் இதுதான்.

கேள்வி: நினைவகம் குறைந்துகொண்டே போகிறது. கெர்னல் பக்கம்தான் கசிகிறது என்று எப்படி உறுதி செய்வது?

முதலில் ஃப்ரீ கட்டளை காட்டும் "ஃப்ரீ" எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். லினக்ஸ் சும்மா கிடக்கும் நினைவகத்தைக் கோப்புகளின் கேஷாகப் பயன்படுத்திக்கொள்ளும், தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்கும். பார்க்க வேண்டியது "அவைலபிள்" எண்.

அடுத்து /ப்ராக்/மெம்இன்ஃபோ கோப்பில் "எஸ்அன்ரிக்ளைம்" என்ற வரி. கெர்னல் தன் சிறு துண்டுகளுக்காக ஒதுக்கி, நெருக்கடியிலும் திரும்ப எடுக்க முடியாத நினைவகம் அது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை குறித்து வையுங்கள். ஏறி இறங்கினால் இயல்பு. ஏறிக்கொண்டே போய், வேலை ஓய்ந்த நேரத்திலும் இறங்காமல் நின்றால் சந்தேகப்படலாம்.

பிறகு ஸ்லாப்டாப். அது எந்த அளவுத் துண்டுகள் பெருகுகின்றன என்று காட்டும். கேமல்லாக் கேட்ட அளவை மேல்நோக்கி முழுமையாக்கி 64, 96, 128, 192, 256 போன்ற பெட்டிகளில் ஒன்றிலிருந்து கொடுக்கும். 100 பைட் கேட்டால் 128 பெட்டியிலிருந்து வரும். எனவே கேமல்லாக்-128 வளர்கிறது என்றால், உங்கள் டிரைவரில் 97 முதல் 128 பைட் வரை உள்ள ஸ்ட்ரக்ட் எது என்று தேடத் தொடங்கலாம். இந்த ஒரு தடயமே பாதித் தேடலைக் குறைத்துவிடும்.

கேள்வி: கொஞ்சம்தானே கசிகிறது, விட்டுவிடலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 10 முறை 128 பைட் கசிந்தால் நொடிக்கு 1,280 பைட். ஒரு நாளில் 86,400 நொடி. நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 எம்பி. மடிக்கணினியில் அது தெரியாமல் போகலாம், தினமும் அணைத்துவிடுகிறோம். ஆண்டுக்கணக்கில் அணைக்காமல் ஓடும் ரவுட்டரிலும் தொழிற்சாலைக் கருவியிலும் அதே கசிவு சில நாளில் ஆளைக் கவிழ்த்துவிடும்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 256 எம்பி நினைவகம் கொண்ட ஒரு சிறு பெட்டி, அதில் யுஎஸ்பி வழியாக ஒரு உணரி. உணரிக்கான டிரைவரை எழுதியது நான்தான். பெட்டி மூன்று வாரத்துக்கு ஒருமுறை தானாக உறைந்துபோனது. பகலில் எத்தனை மணி நேரம் சோதித்தாலும் எண் அசையவில்லை. ஒரு வாரம் மணிக்கு மணி குறித்து வைத்த பிறகுதான் இரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் மட்டும் கேமல்லாக்-128 ஏறுவது தெரிந்தது. அந்த நேரத்தில் பேக்கப் ஓடியது. பேக்கப்பால் அளவீடுகளைப் படிக்கும் நிரல் மந்தமானது. அது மந்தமானதால் டிரைவரின் வரிசை நிரம்பியது. வரிசை நிரம்பினால் "இடமில்லை" என்று திரும்பிவிடும்படி எழுதியிருந்தேன், அதற்கு முந்தைய வரியில் வாங்கிய துண்டை விடுவிக்கவில்லை. இரவுக்கு 9 எம்பி. இரண்டு வரி இடைவெளியில் இருந்த பிழை, கண்டுபிடிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது.

கேள்வி: எந்த வரியில் கசிகிறது என்று காட்டும் கருவி உண்டா?

உண்டு. கேமெம்லீக். கேட்டலின் மரினாஸ் எழுதியது, 2009-இல் லினக்ஸ் 2.6.31-இல் சேர்ந்தது. டிரைவர் எழுதும் எவரும் முதலில் பழக வேண்டிய கருவி இது என்பது என் உறுதியான கருத்து.

அது வேலை செய்யும் முறையைப் புரிந்துகொண்டால்தான் அதன் பேச்சைச் சரியாகப் படிக்க முடியும். ஒதுக்கப்படும் ஒவ்வொரு துண்டின் முகவரியையும், ஒதுக்கிய இடத்தின் அழைப்புத் தொடரையும் அது குறித்துக்கொள்கிறது. பிறகு கெர்னலின் குளோபல் மாறிகள், ஸ்டாக்குகள், ஏற்கெனவே தொட்ட துண்டுகள் என எல்லாவற்றையும் முகவரி அளவுள்ள பகுதி பகுதியாகத் துழாவி, அந்த முகவரி எங்காவது இருக்கிறதா என்று பார்க்கிறது. எங்கும் இல்லை என்றால், அந்தத் துண்டை இனி யாராலும் விடுவிக்க முடியாது. அதைத்தான் கசிவு என்று அறிவிக்கிறது.

கெர்னலைக் கம்பைல் செய்யும்போது கான்ஃபிக்_டீபக்_கேமெம்லீக் என்ற தெரிவை இயக்க வேண்டும். பிறகு டீபக்எஃப்எஸ்ஸை (கெர்னலின் பிழைதேடும் கோப்புகள் இருக்கும் கோப்பு முறைமை) மவுண்ட் செய்துவிட்டு இந்த வரிசையில் போங்கள். டிரைவரை ஏற்றுங்கள். /சிஸ்/கெர்னல்/டீபக்/கேமெம்லீக் கோப்பில் "கிளியர்" என்று எழுதுங்கள். பழைய புகார்கள் மறைந்துவிடும். டிரைவருக்கு வேலை கொடுங்கள், சாதனத்தைத் திறந்து மூடுங்கள், கேபிளைப் பிடுங்கிச் செருகுங்கள். "ஸ்கேன்" என்று எழுதுங்கள். சில நொடி பொறுத்து இன்னொரு முறை "ஸ்கேன்". அதே கோப்பைப் படியுங்கள். இரண்டு முறை ஏன் என்றால், இப்போதுதான் பிறந்த துண்டின் முகவரி ஏதாவது ரெஜிஸ்டரில் மட்டும் இருக்கலாம். அதனால் 5 நொடிக்குக் குறைந்த வயதுடைய துண்டைக் கேமெம்லீக் புகார் செய்யாது. நீங்கள் கேட்காவிட்டாலும் 10 நிமிடத்துக்கு ஒருமுறை அதுவாகவே துழாவும்.

அறிக்கையில் துண்டின் அளவு, ஒதுக்கிய நேரத்தில் ஓடிய நிரலின் பெயர், துண்டின் முதல் சில பைட்டுகள், அழைப்புத் தொடர் எல்லாம் இருக்கும். நிரலின் பெயரை அதிகம் நம்பாதீர்கள். இன்டரப்ட் (சாதனம் கவனத்தைக் கேட்டுக் குறுக்கிடுவது) நேரத்தில் ஒதுக்கியிருந்தால் அங்கே நிரலின் பெயருக்குப் பதில் "ஹார்ட்ஐஆர்க்யூ" அல்லது "சாஃப்ட்ஐஆர்க்யூ" என்றுதான் இருக்கும். அழைப்புத் தொடரில் உங்கள் ஃபங்ஷன் பெயர் வருகிறதா என்று பாருங்கள். அந்தப் பெயர் சொல்வது ஒதுக்கிய இடத்தை. விடுவிக்க மறந்த இடம் வேறெங்கோ இருக்கும். இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

மாட்யூலை இறக்கிய பிறகு ஒருமுறை துழாவுவதும் அவசியம். மாட்யூலின் குளோபல் மாறி ஒன்று துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தால், அது இறங்கிய பின்தான் கசிவாகத் தெரியும். அப்போது ஃபங்ஷன் பெயர்களுக்குப் பதில் வெறும் முகவரிகள்தான் வரும், பெயர் சொல்ல மாட்யூல் அங்கே இல்லை. இறக்கும் முன் மாட்யூல் எந்த முகவரியில் ஏறியிருக்கிறது என்று குறித்து வைத்துக்கொண்டால் கணக்கிட்டுக் கண்டுபிடிக்கலாம்.

கேள்வி: எண் ஏறுகிறது, ஆனால் கேமெம்லீக் வாயைத் திறக்கவில்லை. எப்படி?

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

பெரும்பாலும் துண்டு தொலையவில்லை, சேர்ந்துகொண்டே போகிறது. ஒரு லிங்க்டு லிஸ்ட்டில் சேர்க்கிறீர்கள், எடுப்பதில்லை. லிஸ்ட்டின் தலையிலிருந்து எல்லாத் துண்டுக்கும் வழி இருப்பதால் கேமெம்லீக்குக் குறை தெரியாது. ரெஃபரன்ஸ் எண்ணிக்கையை (ஒரு துண்டை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கு) ஏற்றிவிட்டு இறக்க மறந்ததும் பல நேரம் இப்படித்தான் ஒளிந்துகொள்ளும்.

இரண்டாவது, அல்லாக்_பேஜஸ் போன்றவற்றால் பக்கம் பக்கமாக வாங்கியவற்றைக் கேமெம்லீக் கண்காணிப்பதில்லை. இதற்குப் பேஜ்_ஓனர் என்ற வசதி இருக்கிறது. பூட் வரியில் அதை இயக்கினால் ஒவ்வொரு பக்கத்தையும் யார் வாங்கினார் என்று பட்டியலிடும்.

மூன்றாவது, எங்கோ கிடக்கும் ஒரு பழைய எண் தற்செயலாக உங்கள் துண்டின் முகவரியைப் போலவே இருப்பது. இது அரிது, ஆயிரம் முறை கசியவிட்டால் எல்லாமே ஒளிய முடியாது.

லினக்ஸ் 6.10 அல்லது அதற்குப் பிந்தைய கெர்னல் என்றால் இன்னும் நல்ல வழி இருக்கிறது. 2024-இல் வந்த மெமரி அல்லொகேஷன் ப்ரொஃபைலிங். அதை இயக்கிவிட்டு /ப்ராக்/அல்லாக்இன்ஃபோ கோப்பைப் படித்தால், மூலநிரலின் எந்த வரி இப்போது எத்தனை பைட்டை, எத்தனை துண்டுகளாக வைத்திருக்கிறது என்று தெரியும். காலையிலும் மாலையிலும் ஒரு பிரதி எடுத்து ஒப்பிட்டால் சேர்ந்துகொண்டே போகும் வகைக் கசிவும் அகப்பட்டுவிடும். கேமெம்லீக்கைவிடச் சுமை மிகக் குறைவு.

கேள்வி: சாதனம் வாடிக்கையாளரிடம் ஓடுகிறது, கெர்னலை மாற்ற அனுமதி இல்லை. என்ன செய்யலாம்?

பிசிசி தொகுப்பில் உள்ள மெம்லீக் கருவியை ஓடவிடலாம், பிபிஎஃப் (ஓடும் கெர்னலுக்குள் சிறு நிரல்களைச் செருகிக் கவனிக்கும் வசதி) இருந்தால் போதும். எந்த நிரலின் எண்ணையும் கொடுக்காமல் இயக்கினால் அது கெர்னலின் ஒதுக்கீடுகளைப் பின்தொடர்ந்து, விடுவிக்கப்படாதவற்றை அழைப்புத் தொடரோடு காட்டும். அதுவும் முடியாத பழைய கெர்னல் என்றால், /ப்ராக்/ஸ்லாப்இன்ஃபோவை நேரத்தோடு பதிவு செய்யும் நான்கு வரி ஸ்கிரிப்ட் ஒன்றைப் போட்டுவிட்டு வாருங்கள். என் உணரிப் பிழையின் நேரத்தைக் காட்டிக்கொடுத்தது அப்படி ஒரு ஸ்கிரிப்ட்தான்.

கேள்வி: கருவி எதுவும் இல்லாமல், நிரலைப் படித்தே கண்டுபிடிக்க எங்கே பார்க்க வேண்டும்?

பிழைப் பாதைகளில். எல்லாம் ஒழுங்காக நடக்கும் பாதையை எழுதியவர் நூறு முறை ஓட்டிப் பார்த்திருப்பார். நடுவில் ஒன்று தோற்றால் திரும்பும் பாதை ஒருமுறைகூட ஓடியிருக்காது.

பொதுப் பதிவில் உள்ள ஒன்று: 2019-இல் பாதுகாப்புக் குறைகளின் பட்டியலில் சிவிஇ-2019-19057 என்று எண் கொடுக்கப்பட்ட, மார்வெல் வைஃபை சில்லுகளுக்கான எம்வைஃபெக்ஸ் டிரைவரின் பிழை. நிகழ்வுகளுக்கான வளையத்தை அமைக்கும் ஃபங்ஷன் முதலில் ஒரு எஸ்கேபி பஃபரை (நெட்வொர்க் தரவை வைக்கும் துண்டு) வாங்குகிறது. பிறகு அதை டிஎம்ஏவுக்காக (சாதனமே நேரடியாக நினைவகத்தைப் படித்து எழுத) மேப் செய்கிறது. மேப் தோற்றால் -1 என்று திரும்பியது, பஃபரை விடவில்லை. திருத்தம், திரும்பும் முன் கேஃப்ரீ_எஸ்கேபி அழைப்பதைச் சேர்த்தது. அந்த ஆண்டு இதே அச்சில் வார்த்த பிழைகள் பல டிரைவர்களில் அடுத்தடுத்து வெளிவந்தன.

இன்னும் சில இடங்களை நான் கண்ணை மூடிக்கொண்டு தேடுவேன். கேரிஅல்லாக்கின் விடையை அதே பாயிண்டரில் போட்டிருந்தால், தோல்வியில் நல் வந்து பழைய துண்டின் முகவரியை அழித்துவிடும், பழைய துண்டோ அப்படியே உயிரோடு இருக்கும். டிவைஸ் ட்ரீயின் (பெட்டியில் என்னென்ன சாதனங்கள் உள்ளன என்ற விவர மரம்) பிள்ளை நோடுகளைச் சுற்றிவரும் லூப்பிலிருந்து பாதியில் வெளியேறினால், கையில் இருக்கும் நோடுக்கு ஓஎஃப்_நோட்_புட் அழைக்க வேண்டும். லூப் முழுதாக ஓடினால் தேவையில்லை என்பதால் இது எளிதில் தப்பிவிடும். ரிக்வெஸ்ட்_ஃபர்ம்வேர் வெற்றி பெற்றபின் வரும் ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் முன் ரிலீஸ்_ஃபர்ம்வேர் இருக்க வேண்டும். யுஎஸ்பி டிரைவரில் யுஆர்பியை (ஒரு யுஎஸ்பி பரிமாற்றத்துக்கான கோரிக்கை) மட்டும் விடுவித்து, அதற்காகத் தனியே வாங்கிய கோஹிரண்ட் பஃபரை மறப்பதும் வழக்கம்.

கேள்வி: அப்படியென்றால் விடுபட்ட இடத்தில் ஒரு கேஃப்ரீ போட்டால் வேலை முடிந்ததா?

முடியாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

கேஃப்ரீ போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி: இந்த நொடியில் இந்தத் துண்டு யாருடைய பொறுப்பு? வாங்கியவர் பொறுப்பாகவே இருக்கிறதா, வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிட்டாரா? ஒப்படைத்தபின் நீங்கள் விடுவித்தால் ஒரே துண்டு இருமுறை விடுவிக்கப்படும், அல்லது விடுவித்த துண்டை இன்னொருவர் தொடுவார். கசிவு மெதுவாகக் கொல்லும். இவை உடனே கவிழ்க்கும், பல நேரம் பாதுகாப்பு ஓட்டையாகவும் ஆகும். கசிவைத் திருத்துகிறேன் என்று இதைக் கொண்டுவருவது, இருந்த நோயைவிடக் கெட்ட மருந்து.

நல்ல எடுத்துக்காட்டு டிவைஸ்_ரெஜிஸ்டர். அது தோற்றால் கை தானாகக் கேஃப்ரீயைத் தேடும். கூடாது. அழைத்த கணமே ரெஃபரன்ஸ் எண்ணிக்கை தொடங்கிவிடுகிறது. இனி அந்த டிவைஸ் உங்களுடையது மட்டும் அல்ல. தோற்றாலும் புட்_டிவைஸ்தான் அழைக்க வேண்டும். எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வரும்போது உங்கள் ரிலீஸ் ஃபங்ஷன் அழைக்கப்படும், கேஃப்ரீ அங்கே இருக்க வேண்டும். நேரடியாக விடுவித்தால், டிவைஸுக்குப் பெயர் வைக்க வாங்கிய நினைவகம் தனியே கசியும். ஃபங்ஷனுக்கு மேலே உள்ள குறிப்பே இதை அழுத்திச் சொல்கிறது, ஆனாலும் இந்தத் தவறு நிற்கவில்லை.

எனவே ஒவ்வொரு ஃபங்ஷனையும் அழைக்கும் முன் அதன் உடன்பாட்டைப் படியுங்கள். வெற்றி பெற்றால் துண்டு யார் கைக்குப் போகிறது, தோற்றால் யார் கையில் நிற்கிறது? குறிப்பு இல்லாவிட்டால் அந்த ஃபங்ஷனின் உள்ளேயே போய்ப் படியுங்கள். அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரம்தான் திருத்தம். கேஃப்ரீ வரியைத் தட்டச்சு செய்வது கடைசி ஐந்து நொடி.

கேள்வி: டெவ்எம் ஃபங்ஷன்களைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லையே இல்லை என்கிறார்களே?

பெருமளவு உண்மை. 2007-இல் லினக்ஸ் 2.6.21-இல் வந்தது இந்த ஏற்பாடு. டெவ்எம்_கேஇசட்அல்லாக் மூலம் வாங்கினால், ப்ரோப் (சாதனம் கிடைத்ததும் டிரைவரை அதோடு இணைக்கும் ஃபங்ஷன்) தோற்றாலோ டிரைவர் சாதனத்திலிருந்து பிரிந்தாலோ, வாங்கிய வரிசைக்கு எதிர்வரிசையில் கெர்னலே விடுவித்துவிடும். ப்ரோப் ஃபங்ஷனில் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

ஆனால் அந்த நினைவகத்தின் ஆயுள் டிரைவரும் சாதனமும் சேர்ந்திருக்கும் காலம். ஐஓகண்ட்ரோல் (பயனர் நிரல் டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் அழைப்பு) போன்ற அடிக்கடி அழைக்கப்படும் இடத்தில் அதை வாங்கினால் சாதனம் பிரியும் வரை சேர்ந்துகொண்டே போகும், அதாவது நீங்களே கசிவை எழுதிவைக்கிறீர்கள். மறுபுறம், பயனர் நிரல் சாதனக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்போதே கேபிளைப் பிடுங்கினால் நினைவகம் போய்விடும், நிரலின் கை இன்னும் அதில் இருக்கும். அங்கே கேரெஃப் (கெர்னலின் ரெஃபரன்ஸ் எண்ணி) வைத்து எண்ணுவதுதான் சரி.

டெவ்எம்மையும் கையால் விடுவிப்பதையும் கலப்பதிலும் கவனம் தேவை. இன்டரப்ட்டை டெவ்எம் வழியாகக் கேட்டுவிட்டு, அது தொடும் பஃபரை ரிமூவ் ஃபங்ஷனில் கையால் விடுவித்தால், ரிமூவ் முடிந்த பிறகும் சிறிது நேரம் இன்டரப்ட் உயிரோடு இருக்கும். அந்த இடைவெளியில் ஒன்று வந்தால் போதும்.

கேள்வி: கோட்டூ பயன்படுத்துவது கெட்ட பழக்கம் என்று கல்லூரியில் சொன்னார்கள். கெர்னலில் எங்கும் அதுதானே?

விடுவிக்கும் வரிகளை ஃபங்ஷனின் அடியில் எதிர்வரிசையில் அடுக்கி, தோற்ற இடத்திலிருந்து உரிய லேபிளுக்குத் தாவுவது கெர்னலில் நிலைத்த முறை. தெளிவாகவும் இருக்கிறது. லேபிளுக்கு "எர்1", "எர்2" என்று பெயர் வைக்காமல் "ஃப்ரீ_பஃபர்" என்று செய்யப்போவதைப் பெயராக வையுங்கள். நடுவில் ஒரு படி சேர்ப்பவர் தவறான லேபிளுக்குத் தாவுவது குறையும். 2023-இல் 6.5 கெர்னலோடு, மாறி தன் வரம்பை விட்டு வெளியேறும்போது தானாக விடுவிக்கும் வசதியும் வந்துவிட்டது. ஒரே ஃபங்ஷனில் அதையும் கோட்டூவையும் கலக்காதீர்கள்.

கேள்வி: திருத்தியாயிற்று. உண்மையிலேயே சரியானதா என்று எப்படிச் சோதிப்பது?

தோல்வியை வரவழையுங்கள். நினைவகம் கிடைக்காத நிலை உங்கள் மேசைமேல் தானாக வராது. ஃபெயில்ஸ்லாப் என்ற வசதி கேமல்லாக்கை வேண்டுமென்றே தோற்க வைக்கும். /ப்ராக்/செல்ஃப்/ஃபெயில்-என்த் மூலம் முதல் ஒதுக்கீடு, இரண்டாவது, மூன்றாவது என ஒவ்வொன்றையும் முறை வைத்துத் தோற்கடித்து எல்லாப் பிழைப் பாதைகளையும் ஓட்டலாம். அதே கெர்னலில் கேமெம்லீக்கையும் கேஏசானையும் சேர்த்து இயக்குங்கள். முதலாவது விடாததைச் சொல்லும், இரண்டாவது விட்டபின் தொட்டதைச் சொல்லும். இரண்டும் அமைதியாக இருந்தால்தான் திருத்தம் தேறியது.

கூடவே மாட்யூலை ஏற்றி இறக்குவதை ஆயிரம் முறை லூப்பில் ஓட்டி எஸ்அன்ரிக்ளைம் எண்ணை முன்னும் பின்னும் பாருங்கள். ஒரே வகைத் துண்டை நிறைய வாங்கும் டிரைவர் என்றால் அதற்கென்று தனி கேமெம்_கேஷ் உருவாக்குங்கள். அழிக்கும்போது உள்ளே துண்டு மிச்சமிருந்தால் கெர்னலே பெயரோடு எச்சரிக்கும்.

கேள்வி: விண்டோஸ் டிரைவருக்கு?

சிந்தனை அதேதான், கருவிகள் வேறு. அங்கே ஒவ்வொரு ஒதுக்கீட்டுக்கும் நான்கு எழுத்து டேக் கொடுக்க வேண்டும். பூல்மான் எந்த டேக் வளர்கிறது என்று காட்டும். எனவே டிரைவர் முழுதுக்கும் ஒரே டேக் வைக்காமல், ஸ்ட்ரக்டுக்கு ஒன்றாக வையுங்கள். டிரைவர் வெரிஃபையரை இயக்கினால், நினைவகத்தை விடாமல் டிரைவர் இறங்கும்போது 0எக்ஸ்சி4 என்ற எண்ணோடு கணினியை நிறுத்திக் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: ரஸ்டில் எழுதினால் கசிவே வராதா?

பிழைப் பாதையில் விடுவிக்க மறக்கும் வகை ஏறக்குறைய மறைந்துவிடும், உரிமையாளர் மறையும்போது துண்டும் போய்விடும். ரெஃபரன்ஸ் சுழற்சி, லிஸ்ட்டில் சேர்ந்துகொண்டே போவது இரண்டும் ரஸ்டிலும் வரும்.

கேள்வி: திருத்தத்தைக் கெர்னலுக்கு அனுப்ப வேண்டும். பேட்சில் என்ன எழுதுவது?

எந்தச் சூழலில் கசிகிறது, துண்டை யார் விடுவித்திருக்க வேண்டும், ஏன் விடுவிக்கவில்லை, இந்த மூன்றையும் சொல்லுங்கள். கேமெம்லீக் அறிக்கை இருந்தால் அழைப்புத் தொடரை அப்படியே ஒட்டுங்கள். கிட் பிளேம் மூலம் பிழை எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று தேடி, அதன் ஹேஷின் முதல் 12 எழுத்துகளையும் தலைப்பையும் "ஃபிக்ஸஸ்" வரியில் போடுங்கள். பழைய கெர்னல்களைப் பராமரிப்பவர்களுக்கு எந்தப் பதிப்பு வரை திருத்த வேண்டும் என்று சொல்வது அந்த வரிதான். செக்பேட்ச் ஓட்டுங்கள். கெட்_மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் சொல்பவர்களுக்கு அனுப்புங்கள்.

சாதனம் கையில் இல்லாமல், நிரலைப் படித்து மட்டும் கண்டுபிடித்திருந்தால் "கம்பைல் மட்டுமே செய்து பார்த்தேன்" என்று வெளிப்படையாக எழுதுங்கள். காக்சினெல், ஸ்மாட்ச் போன்ற கருவி சொன்னது என்றால் அதையும் குறிப்பிடுங்கள். பராமரிப்பவர் அந்தச் சில்லை அறிந்தவர், அதைப் பார்த்ததும் எங்கே கூடுதலாகச் சரிபார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். "இந்தத் துண்டை வேறொருவர் ஏற்கெனவே விடுவிக்கிறாரே" என்று அவர் பதில் எழுதினால், பேட்சைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அவர் சுட்டிய ஃபங்ஷனைப் போய்ப் படியுங்கள்.